காலிமுகத்திடலில் பார்த்த அந்த இரண்டு தூண்கள்: சரக்குக் கப்பலுக்குக் காற்று உண்மையில் உதவுகிறதா?

வெள்ளவத்தை பௌதிகம் | ஞாயிறு இரவு 8.40

நேற்றுப் பின்னேரம் பிள்ளைகளோடு காலிமுகத்திடலுக்குப் போயிருந்தேன். இறால் வடையோடு கடலோரக் கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, நங்கூரமிட்டு நிற்கிற கப்பல்களுக்கு அப்பால் ஒரு பல்க் கப்பல் (நிலக்கரி, தானியம் மாதிரிச் சரக்கைக் குவியலாக ஏற்றுவது) தெற்கே போய்க்கொண்டிருந்தது. அதன் தளத்தில் இரண்டு வெள்ளைத் தூண்கள், ஒவ்வொன்றும் ஏழெட்டு மாடிக் கட்டடம் அளவு இருக்கும், உச்சியில் தட்டு மாதிரி ஒரு மூடி. "அப்பா, அந்தக் கப்பலுக்கு மூன்று புகைபோக்கி" என்றான் சின்னவன். பின்னால் இருந்த உண்மையான புகைபோக்கியில் மட்டும்தான் புகை வந்தது.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் அது பிளெட்னர் ரோட்டராம், காற்றைப் பிடித்துக் கப்பலைத் தள்ளுகிற சுழலும் உருளை. இருபது வருடமாக உயர்தரத்துக்குப் பௌதிகம் படிப்பிக்கிறேன், மக்னஸ் விளைவை (சுழலும் பொருளைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளுவதை) கரும்பலகையில் எத்தனையோ தடவை கீறியிருக்கிறேன், அதை வைத்துக் கப்பல் ஓட்டுகிறார்கள் என்று ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை. அது மனதை உறுத்துகிறது. இங்கே கப்பலில் வேலை செய்கிறவர்கள், துறைமுகத்தில் இருக்கிறவர்கள் சிலர் இருக்கிறீர்கள். இது உண்மையில் எண்ணெயை மிச்சப்படுத்துகிறதா, அல்லது கம்பனிகளின் பச்சை விளம்பரமா? தெரிந்ததைச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் எஞ்சினியர் | ஞாயிறு இரவு 9.25

சேர், நான் லீவில் கொட்டாஞ்சேனையில்தான் நிற்கிறேன். ரோட்டர் பூட்டிய கப்பலில் நான் ஓடியதில்லை, ஆனால் என்னோடு படித்த ஒருவன் ஓடுகிறான், இரண்டு பேரும் இதைப் பற்றி நிறையக் கதைத்திருக்கிறோம்.

முதலில் ஒன்று: இது புதுச் சரக்கு இல்லை. ஜெர்மனியில் அன்டன் பிளெட்னர் 1924இலேயே 'புக்காவ்' என்ற கப்பலில் இரண்டு உருளையைப் பூட்டி ஓட்டிக் காட்டினார். 1926இல் அதே கப்பல் 'பாடன் பாடன்' என்ற பெயரோடு அத்திலாந்திக்கைக் கடந்து நியூயோர்க் போனது. வேலை செய்யாமல் கைவிடப்படவில்லை, டீசல் மலிவாக இருந்ததால் யாருக்கும் அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

இப்போதைய கணக்குக்கு நான் நம்புவது 'மேர்ஸ்க் பெலிக்கன்' என்ற எண்ணெய்க் கப்பலின் கணக்கை. 2018இல் 30 மீற்றர் உயரம், 5 மீற்றர் விட்டத்தில் இரண்டு ரோட்டர் பூட்டினார்கள். ஒரு முழு வருடம் ஓட்டி, வெளியாள் சரிபார்த்த பிறகு வந்த மிச்சம் 8.2 சதவீதம். நல்ல காற்று வீசிய ஒரு நாளை மட்டும் பிடித்துச் சொன்ன இலக்கம் இல்லை இது. காற்று செத்த நாள், எதிர்க்காற்று நாள் எல்லாம் சேர்ந்த வருடச் சராசரி. ஆகவே விளம்பரம் மட்டும் இல்லை, சேர்.

இன்னொன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிரதான இஞ்சினை யாரும் அணைப்பதில்லை. கப்பலின் வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, காற்று தள்ளுகிற அளவுக்கு இஞ்சின் சுமையைக் குறைக்கிறோம். கன்ட்ரோல் அறையில் நின்றால் தெரிவது எண்ணெய் ஓட்டமானியின் இலக்கம் இறங்குவது மட்டும்தான். எங்கள் ஆட்களுக்கு அதைவிட இனிப்பான காட்சி வேறு இல்லை.

சார்ட்டர் மேசை | ஞாயிறு இரவு 10.10

குறை சொல்ல வரவில்லை, காசுப் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். கோட்டையில் ஒரு அலுவலகத்தில் பதினோரு வருடமாகச் சார்ட்டர் ஒப்பந்தம் பார்க்கிறேன்.

கப்பலைக் குறித்த காலத்துக்கு வாடகைக்கு எடுக்கிற காலச் சார்ட்டரில் கப்பல் ஒருவருடையது, எண்ணெய்க் காசு கட்டுபவர் வேறொருவர். ரோட்டரோ இறக்கையோ (தளத்தில் நிமிர்ந்து நிற்கிற விறைப்பான பாய்) பூட்டுவதற்கு மில்லியன் டொலர் கணக்கில் போடுபவர் கப்பல் சொந்தக்காரர். எண்ணெய் குறைந்தால் இலாபம் சார்ட்டர் எடுத்தவருக்கு. அப்படியிருக்க சொந்தக்காரர் ஏன் போடப் போகிறார்? வீட்டு உரிமையாளர் கூரையில் சோலர் போட, கரண்ட் பில் குறைவது வாடகைக்காரருக்கு என்றால் எப்படியோ அப்படித்தான் இது. ஒரு சொந்தக்காரரின் ஆளிடம் இதை நானே எடுத்துக் கதைத்திருக்கிறேன், ஐந்து நிமிடத்தில் பேச்சை மாற்றிவிட்டார்.

'பிக்சிஸ் ஓஷன்' என்ற பல்க் கப்பலில் இறக்கை ஏறியது இரண்டு பக்கமும் சேர்ந்து இறங்கியதால். கப்பல் மிட்சுபிஷியுடையது, சார்ட்டர் எடுத்தது கார்கில். 2023 ஆவணியில் 37.5 மீற்றர் உயரமான இரண்டு இறக்கைகளோடு புறப்பட்டது. முதல் ஆறு மாதச் சராசரியாக அவர்கள் சொன்னது ஒரு நாளைக்கு 3 தொன் எண்ணெய் மிச்சம், மிக நல்ல காற்றில் 11 தொன் வரை. பேச்சுக்கு ஒரு தொன் 550 டொலர், கடலில் ஓடுவது வருடத்துக்கு 200 நாள் என்று வைத்துப் பார்த்தால் 330,000 டொலர் வருகிறது. மோசமான தொகை இல்லை. ஆனால் அந்த 11ஐ வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டு வருகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். "வரை" என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கிற இலக்கத்தை நம்பி ஒப்பந்தம் எழுதக் கூடாது.

எனக்கு ஒரே கேள்வி: எண்ணெய் குறைய வேண்டும் என்றால் மெதுவாக ஓட்டலாமே? அதற்கு ஒரு சதமும் தேவையில்லையே.

இரண்டாம் எஞ்சினியர் | ஞாயிறு இரவு 10.50

நல்ல கேள்வி அண்ணை, ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. தேவையான வலு கிட்டத்தட்ட வேகத்தின் மும்மடியாக ஏறும். 14 நொட்டில் (நொட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) ஓடுகிற கப்பலை 12க்கு இறக்கினால் ஒரு நாளைய எண்ணெய் ஏறக்குறைய 63 சதவீதத்துக்கு வந்துவிடும். பயணம் நீளுவதையும் சேர்த்தால், மொத்தப் பயணத்துக்கு 27 சதவீதம் அளவில் மிச்சம். இது சும்மா கிடைக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மெதுவாக ஓடுகிற கப்பலுக்குத்தான் காற்றும் கூடுதலாக உதவும். இஞ்சின் தர வேண்டிய வலு மும்மடியாகக் குறைகிறபோது, காற்றின் தள்ளுதல் அந்த மாதிரிச் சரிந்து விழுவதில்லை. ஆகவே மொத்தத்தில் காற்றின் பங்கு பெரிதாகிறது. 20 நொட்டுக்கு மேல் பறக்கிற கொள்கலன் கப்பலில் காற்று ஒரு துளி. 11, 12 நொட்டில் போகிற நிலக்கரிக் கப்பல், கோதுமைக் கப்பலில் அது பேசத்தக்க பங்கு. இறக்கை எல்லாம் பல்க் கப்பலிலும் எண்ணெய்க் கப்பலிலும் முதலில் ஏறியதற்கு இது ஒரு காரணம்.

கிரேன் கூண்டு | திங்கள் காலை 6.15

இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். மற்றக் காரணத்தை நான் சொல்கிறேன்: இடம். கொள்கலன் கப்பலின் தளத்தில் ஒரு அடி மிச்சம் இருக்காது, எட்டு ஒன்பது பெட்டி உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். எங்கள் கிரேனின் கை கப்பலுக்குக் குறுக்கே நீட்டி நிற்கும், அடுத்த வரிசைக்குப் போக முழுக் கிரேனும் தண்டவாளத்தில் நகரும். நடுவில் 30 மீற்றர் தூண் நின்றால் ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கி, தாண்டி, திரும்ப இறக்க வேண்டும். கையைத் தூக்கி இறக்கவே நிமிடக் கணக்காகும். ஒரு மணித்தியாலத்தில் எத்தனை பெட்டி என்றுதானே எங்களைக் கேட்கிறார்கள்.

ஒருமுறை வழக்கத்துக்கு மாறான உயரத்தில் சாமானோடு ஒரு கப்பல் வந்தது, எந்த முனையம் என்று எழுதவில்லை. முன்கூட்டியே யாரும் எங்களுக்கு அந்த உயரத்தைச் சொல்லவில்லை. கூண்டில் இருந்து கீழே பார்த்தால் தூரம் சரியாக மட்டுப்படாது, இரவில் இன்னும் மோசம். அன்று கை மயிரிழையில் தப்பியது. ஆகவே இந்தக் கப்பல்கள் வரட்டும், ஆனால் வருகிற கப்பலின் வரைபடம் ஒரு நாள் முந்தியாவது கிரேன் ஓட்டுகிறவனின் கையில் இருக்க வேண்டும். இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

மொறட்டுவை மாணவி | திங்கள் காலை 9.05

கிரேன் அண்ணா சொல்வது சரி, அதனால்தான் சாய்க்கிற ரோட்டர் வந்தது. 'எஸ்சி கனெக்டர்' என்ற கப்பலில் 2021இல் பூட்டிய இரண்டும் 35 மீற்றர், பாலத்துக்குக் கீழே போகும்போது படுக்க வைத்துவிடுவார்கள். அதே வருடம் 'சீ சோஷான்' என்ற மிகப் பெரிய இரும்புத்தாதுக் கப்பலில் ஐந்து ரோட்டர், அவையும் மடியும். ஜப்பானின் 'ஷோஃபு மாரு'வின் பாய் வேறு விதம்: 15 மீற்றர் அகலம், 53 மீற்றர் வரை தொலைநோக்கிக் குழாய் மாதிரி நீளும், தேவையில்லாதபோது ஒன்றுக்குள் ஒன்று இறங்கிவிடும். 2022இல் இருந்து ஓடுகிறது, அதுவும் நிலக்கரிக் கப்பல்தான்.

நான் எழுத வந்தது வேறொன்று. ஞாயிறு இரவு இந்த இழையைப் படித்துவிட்டு, நமது தெற்குக் கடலில் தேவேந்திரமுனைக்கு வெளியே போகிற கப்பல்களுக்கு இது எப்படி இருக்கும் என்று கொப்பியில் போட்டுப் பார்த்தேன். சேர் படிப்பிக்கிற சார்பு வேகக் கணக்குத்தான், வேறொன்றும் இல்லை.

தென்மேல் பருவக்காற்று 20 நொட், கப்பல் 12 நொட் என்று வைக்கிறேன். கிழக்கே, மலாக்கா பக்கம் போகிற கப்பலுக்கு அந்தக் காற்று வலப் பின்பக்கத்தில் இருந்து வருகிறது. காற்றைக் கப்பலின் திசையிலும் குறுக்கிலும் பிரித்தால் இரண்டும் 14.1 நொட். பின்னால் இருந்து வருகிற 14.1இல் கப்பலின் 12ஐக் கழித்தால் மிச்சம் 2.1தான், குறுக்கே வருவது அப்படியே 14.1. ஆகத் தளத்தில் நிற்கிறவருக்குக் காற்று ஏறக்குறைய நேர் பக்கத்தில் இருந்து, கிட்டத்தட்ட 98 பாகையில் அடிக்கும். ரோட்டருக்கு இதைவிட நல்ல கோணம் கேட்க முடியாது.

அதே காற்றில் மேற்கே ஏடன் பக்கம் போகிற கப்பலைப் பாருங்கள். இப்போது 14.1உம் 12உம் கூடி முன்னால் இருந்து 26.1, குறுக்கே 14.1. காற்று கிட்டத்தட்ட 30 நொட் அடிக்கும், ஆனால் முன்பக்கத்தில் இருந்து 28 பாகையில். காற்றின் வேகம் இரண்டு மடங்கு, ஆனால் பலன் அந்த அளவுக்குக் கூடாது. அந்தக் கோணத்தில் ரோட்டரின் தள்ளுதலில் பெரும் பகுதி பக்கவாட்டில்தான் போகும், கப்பலைப் பின்னுக்கு இழுக்கிற தடையும் கூடும்.

வடகீழ்ப் பருவக்காற்றில் இது அப்படியே திரும்பும், மேற்கே போகிறவருக்கு அனுகூலம். ஒரே கடல், ஒரே சாதனம், ஆனால் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் போகிறது என்பதை வைத்து மிச்சம் மாறுகிறது. எத்தனை சதவீதம் என்று ஒரே இலக்கமாகக் கேட்கிறவர்களுக்கு இதைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

வெள்ளவத்தை பௌதிகம் | திங்கள் பகல் 12.30

தங்கச்சி, இதை அப்படியே வகுப்புக்குக் கொண்டு போகப் போகிறேன். பரீட்சைக்கு ஆற்றில் படகு, மழையில் குடை என்று அரைத்த கணக்கையே அரைத்துக்கொண்டிருக்கிறோம், ஜன்னலைத் திறந்தால் தெரிகிற கடலில் இந்தக் கணக்கு ஓடுகிறது.

ரோட்டருக்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது, தவறென்றால் திருத்துங்கள். முரளி பந்தைச் சுழற்றி விடும்போது அது காற்றிலேயே ஒரு பக்கம் சாய்ந்து போகுமே, அதுதான் மக்னஸ். அங்கே காற்று நிற்கிறது, சுழலும் பந்து போகிறது. இங்கே சுழலும் உருளை நிற்கிறது, காற்று அதைக் கடந்து போகிறது. ஒரு பக்கத்தில் உருளையின் தோல் காற்றோடு ஓடி அதை வேகப்படுத்துகிறது, மறுபக்கம் எதிர்த்து ஓடி மந்தமாக்குகிறது, அமுக்கம் குறைந்த பக்கம் உருளை இழுபடுகிறது. காற்று வலமிருந்து வந்தால் ஒரு திசையில் சுற்ற வேண்டும், இடமிருந்து வந்தால் மற்றத் திசையில். சரிதானே?

இரண்டாம் எஞ்சினியர் | திங்கள் பகல் 1.15

நூற்றுக்கு நூறு சரி சேர். சுற்றுவதற்கு மின்மோட்டார் இருக்கிறது, அதற்கும் கரண்ட் போகிறது, ஆனால் நல்ல கோணத்தில் கிடைப்பது அதைவிடப் பல மடங்கு. கோணம் கெட்டால் நிறுத்திவிடுவார்கள்.

வல்வை மகன் | திங்கள் மாலை 5.50

தங்கச்சியின் கொப்பிக் கணக்கைப் பார்த்ததும் என்னுடைய அம்மப்பா நினைவுக்கு வந்தார். நான் கொழும்பில் முப்பது வருடம், ஆனால் பிறந்தது வல்வெட்டித்துறை. அம்மப்பா பாய்க்கப்பலில் போனவர். அவருக்குப் பாகையும் தெரியாது, நொட்டும் தெரியாது, ஆனால் சோழகம் (தென்மேல் காற்று) எப்போது எழும்பும், வாடை (வடகீழ்க் காற்று) எப்போது பிடிக்கும், எந்தக் காற்றில் போய் எந்தக் காற்றில் திரும்ப வேண்டும் என்பது அவர் உடம்புக்கே தெரியும். விறாந்தையில் இருந்து பனையோலை அசைகிற சத்தத்தைக் கேட்டே காற்றின் பக்கத்தைச் சொல்வார். போக ஒரு காற்று, வர ஒரு காற்று என்பதுதான் அந்தத் தொழிலின் கணக்கே.

எங்கள் ஊரில் கட்டிய 'அன்னபூரணி' பற்றிப் பல பேருக்குத் தெரியாது. ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கி, 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றினார். எங்கள் ஊர் மாலுமிகள் அதை அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள், 1938இல். கரையில் மரத்தை வைத்துக் கையால் கட்டிய கப்பல் அத்திலாந்திக்கைக் கடந்தது. இதைப் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. காற்றை வைத்துச் சரக்கு ஏற்றி இறக்கின அறிவு எங்கள் கரையில் இருந்தது, இரண்டு தலைமுறையில் அது கைவிட்டுப் போனது.

இன்னொன்று, தைப்பொங்கலுக்கு எங்கள் ஊரில் பட்டம் விடுவார்களே, காற்றில் ஒலிக்கிற விண் கட்டி, ஆள் உயரத்துக்கும் மேலான பட்டம். சின்ன வயதில் அதன் கயிற்றைத் தனியாகப் பிடித்து, மணலில் பத்தடி இழுபட்டிருக்கிறேன், உள்ளங்கை தோலுரிந்து இரண்டு நாள் சோறு பிசைய முடியவில்லை. அப்படிப் பெரிய பட்டம் கட்டிக் கப்பலை இழுக்க முடியாதா என்று அப்போதே கேட்டிருக்கிறேன்.

மொறட்டுவை மாணவி | திங்கள் மாலை 6.40

இழுத்திருக்கிறார்கள் ஐயா. 2008இல் 'பெலூகா ஸ்கைசெயில்ஸ்' என்ற ஜெர்மன் சரக்குக் கப்பல் 160 சதுர மீற்றர் பட்டத்தோடு அத்திலாந்திக்கைக் கடந்தது. உயரத்தில் காற்று பலமாகவும் ஒரே சீராகவும் இருக்கும், தளத்தில் இடமும் பிடிக்காது, கிரேன் அண்ணாவுக்கும் தொல்லை இல்லை. பட்டத்தை எட்டு வடிவத்தில் சுற்ற விடுவார்கள், அப்போது பட்டமே வேகமாக ஓடுவதால் இழுவை கூடும். ஆனால் நடுக்கடலில் ஏற்றுவதும் இறக்குவதும் பெரிய பாடு, அதோடு எதிர்க்காற்றில் உதவாது. ரோட்டரும் இறக்கையும் இவ்வளவு பரவியிருக்கப் பட்டம் இன்னும் பின்னால் நிற்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

சார்ட்டர் மேசை | திங்கள் இரவு 9.20

சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். இன்று மத்தியானம் எங்கள் அலுவலகத்தில் ஐரோப்பியக் கணக்குப் பார்க்கிற பிள்ளையிடம் கேட்டேன். 2024இல் இருந்து ஐரோப்பிய ஒன்றியத் துறைமுகத்துக்குப் போகிற கப்பல் புகைக்குக் காசு கட்டுகிறது. கொழும்பில் இருந்து ரொட்டர்டாம் போனால் அந்தப் பயணத்தின் புகையில் பாதி கணக்கில் வரும். ஒரு தொன் எண்ணெய் எரித்தால் மூன்று தொன்னுக்குச் சற்றுக் கூடக் கரியமிலவாயு, ஆகவே நாளுக்கு 3 தொன் எண்ணெய் மிச்சம் என்றால் 9 தொன்னுக்கு மேல் புகை மிச்சம். 2025இல் வந்த எரிபொருள் விதியில் காற்றுக்கென்றே 5 சதவீதம் வரை சலுகை வைத்திருக்கிறார்கள். இவை சேர்ந்தால் நான் முதலில் போட்ட கணக்கு மாறுகிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

உலக அளவில் வர வேண்டிய விதி மட்டும் இழுபடுகிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2025 ஒக்டோபரில் எடுக்க வேண்டிய முடிவை ஒரு வருடம் தள்ளிப் போட்டது. எங்கள் சந்தையில் எல்லாரும் அதைச் சொல்லிக்கொண்டுதான் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆனால் நம் நாட்டுக்குள் ஒன்றைச் செய்யலாம் என்று தோன்றுகிறது. நுரைச்சோலை அனல் மின்நிலையத்துக்கு நிலக்கரி நாம்தான் கேள்விப்பத்திரம் போட்டு வாங்குகிறோம். மெதுவான பல்க் கப்பல், தூரப் பயணம், தளத்தில் பெட்டி இல்லை. காற்று உதவி உள்ள கப்பலுக்கு ஒரு சின்ன முன்னுரிமைப் புள்ளி கொடுத்தால் என்ன?

இரண்டாம் எஞ்சினியர் | திங்கள் இரவு 10.05

அதில் ஒரு சிக்கல் அண்ணை. நுரைச்சோலையில் கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்க, நிலக்கரியைப் பார்ஜில் (தட்டைப் படகில்) இறக்கித்தான் கரைக்குக் கொண்டு வருகிறார்கள். சோழகக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் இறக்கவே முடியாது, ஆகவே எல்லாக் கப்பலும் புரட்டாசி முடிந்து சித்திரைக்குள் வந்தாக வேண்டும். அதாவது வாடைக் காலம். தென்னாபிரிக்காவில் இருந்து வருகிற கப்பல் அந்த மாதங்களில் நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் ஏறக்குறைய முகத்தில் காற்று வாங்கிக்கொண்டு வரும். சுமையோடு வரும்போது எதிர்க்காற்று, வெறுங்கப்பலாகத் திரும்பும்போது நேர் பின்காற்று. இரண்டுமே ரோட்டருக்கு நல்ல கோணம் இல்லை. இந்தோனேசியாவில் இருந்து வந்தால் கதை வேறு, வாடை வலப் பக்கத்தில் இருந்து வரும், அது இறக்கைக்கு ஓரளவு சரி. ஆகவே முன்னுரிமை கொடுப்பதென்றால் சாதனத்துக்குக் கொடுக்காமல், அந்த வழியில் அந்த மாதத்தில் காட்டிய எண்ணெய்க் கணக்குக்குக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அழகுக்கு ஒரு தூண் வைத்த கப்பலுக்கும் புள்ளி போகும்.

கிரேன் கூண்டு | செவ்வாய் காலை 6.30

எண்ணெய்க் கணக்கைக் கப்பல்காரர் தாங்களே எழுதித் தந்தால் நம்பலாமா?

இரண்டாம் எஞ்சினியர் | செவ்வாய் காலை 8.10

ஓட்டமானியும் முறுக்குமானியும் (தண்டின் முறுக்கை அளப்பது) பொய் சொல்லாது, இலக்கத்தை எடுத்து எழுதுகிற ஆள் சொல்லலாம். அதனால்தான் பெலிக்கனில் வெளியாள் சரிபார்த்தது முக்கியம் என்றேன். ரோட்டரைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, கொஞ்ச நேரம் நிறுத்தி, அதே கடலில் அதே வேகத்தில் இரண்டையும் ஒப்பிட்டால் ஏமாற்றுவது கஷ்டம்.

நான் அடுத்த வாரம் சிங்கப்பூரில் ஏறுகிறேன், சுயஸா நன்னம்பிக்கை முனையா என்று இன்னும் சொல்லவில்லை. சுயஸ் என்றால் தேவேந்திரமுனைக்கு வெளியால்தான் மேற்கே போவோம், நன்னம்பிக்கை முனை என்றால் இன்னும் தெற்கால் போவோம். எந்த வழி என்றாலும், கப்பலை ஓட்டுகிற பிரிட்ஜ் அறையில் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை காற்றின் திசையும் வேகமும் பதிவார்கள், கப்பலின் திசை, வேகம், எண்ணெய் எல்லாம் கூடவே இருக்கும். கப்டனிடம் கேட்டு, கப்பலின் பெயர் இல்லாமல் அந்த வரிகளை மட்டும் எழுதி வைக்கிறேன். எங்கள் கப்பலில் ரோட்டர் இல்லைதான், ஆனால் இருந்திருந்தால் எத்தனை மணித்தியாலம் உதவியிருக்கும் என்று தங்கச்சி கணக்குப் போடலாம், சேரின் பிள்ளைகளும் போடலாம்.

மொறட்டுவை மாணவி | செவ்வாய் காலை 8.35

கட்டாயம் அனுப்புங்கள் அண்ணா. ஒரே ஒரு வேண்டுகோள்: பதிந்திருப்பது உண்மைக் காற்றா, தளத்தில் படுகிற சார்புக் காற்றா என்று ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். அது கலந்துவிட்டால் முழுக் கணக்கும் தலைகீழாகப் போய்விடும்.